பரிசலுக்கு முன்பக்கம் இல்லை

பரளிக்காட்டுப் பரிசல் பயணம் பற்றி இணையத்தில் கிடைக்கிற காணொளிகளை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். முப்பதுக்கு மேல் இருக்கும். பேசுகிறவர் மாறுகிறார், பின்னணி இசை மாறுகிறது, கதை மாறுவதில்லை. காரமடை தாண்டி, வெள்ளியங்காடு தாண்டி, வளைந்து வளைந்து மலைப்பாதை. போனதும் சுக்குக் காப்பி. லைஃப் ஜாக்கெட். பரிசல். தண்ணீரின் மேல் ஒரு ட்ரோன் காட்சி. பிறகு சாப்பாட்டு வரிசை: கேசரியிலிருந்து களி உருண்டை வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு நெருக்கக் காட்சி. அத்திக்கடவில் குளியல். கடைசியாக, "தலைக்கு இவ்ளோதான் மக்களே, கண்டிப்பா ஒரு தடவ வந்துட்டுப் போங்க."

இதில் கேலி செய்ய எனக்கு ஒன்றுமில்லை. நானே இரண்டு தடவை போய்வந்தவன். அந்தச் சாப்பாடு நன்றாகவே இருக்கும். காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாது, குடித்துவிட்டு வரக்கூடாது என்று வைத்திருப்பதும் நல்லதுதான். வனத்துறையும் அங்கிருக்கிற இருளர் கிராமத்து மக்களும் சேர்ந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாக நடத்திவருகிற சூழல் சுற்றுலா அது. கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு வார இறுதி என்றாலே ஊட்டியா வால்பாறையா என்றிருந்த காலத்தில், ஊர்க்காரர்கள் கையிலேயே நாலு காசு நிற்கிற மாதிரி ஒரு பயணத்தை யோசித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

என் கேள்வி வேறு. ஒரு நதியின் மேல் இரண்டு மணி நேரம் நம்மை உட்காரவைத்து, ஒருவர் துடுப்புப் போட்டுக்கொண்டே பேசுகிறார் என்றால், அது ஒரு பிரதி இல்லையா? அதற்கு ஒரு கதைசொல்லி இருக்கிறார். தொடக்கம், வேகம், எங்கே நிறுத்த வேண்டும் என்கிற தீர்மானம், சொல்லாமல் விடுவது என்று ஒரு கட்டுரைக்கு இருக்கிற அத்தனையும் அதற்கும் இருக்கிறது. சிறுகதையை வரிவரியாகப் பிரித்து மேய்கிற நாம் இந்த மாதிரிப் பிரதியை மட்டும் 'என்ஜாய்' பண்ணிவிட்டு வந்துவிடுகிறோம். இத்தனை காணொளியும் ஒரே கதையைச் சொல்கிறதென்றால் குறை கதைசொல்லியிடம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். வாசகரிடம் இருக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் பல்லடத்துக்காரன். எங்கள் பக்கத்தில் குடிநீருக்குப் பெயரே 'அத்திக்கடவுத் தண்ணி'தான். "இன்னைக்கு அத்திக்கடவு வருதாக்கா?" என்பது எங்கள் வீதிகளில் குடத்தோடு கேட்கப்படும் கேள்வி. பரளிக்காட்டில் பரிசலுக்கு அடியில் கிடக்கிற தண்ணீரும் வீட்டுக் குடத்தில் இருக்கிற தண்ணீரும் ஒரே தண்ணீர் என்பதை எந்தக் காணொளியும் எனக்குச் சொல்லவில்லை.

முதலில் அந்தத் தண்ணீரைப் பார்ப்போம். எல்லோரும் 'பவானி ஆறு' என்கிறார்கள். தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி. பரிசல் போவது பில்லூர் அணையின் நீர்ப்பரப்பில். ஓடுகிற ஆறு அங்கே இல்லை; நிறுத்திவைக்கப்பட்ட ஆறு இருக்கிறது. அந்த அமைதியை, அந்தப் பச்சைக் கண்ணாடி மாதிரியான பரப்பை, 'மனிதர் கை படாத இயற்கை' என்று வர்ணிக்கிறார்கள். நூறடி உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கும் ஒரு கான்கிரீட் கை அங்கே வருஷம் முழுக்கப் பட்டுக்கொண்டே இருக்கிறது. நீலகிரியின் உச்சியில் அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் தேங்குகிற மழை, மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் வழியாகவும் இரும்புக் குழாய்கள் வழியாகவும் குந்தா, கெத்தை, பரளி என்று படிப்படியாக விழுந்து ஒவ்வொரு மின்நிலையத்திலும் விசையாழியைச் சுற்றிவிட்டுத்தான் பில்லூருக்கு வருகிறது. அங்கேயும் சும்மா இருக்க விடுவதில்லை, இன்னொரு தடவை மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்குப் பிறகும் அதற்கு வேலை இருக்கிறது. ஒரு பங்கு குழாயேறிக் கோவைப் பக்கம் போகிறது. மிச்சம் மேட்டுப்பாளையம், சிறுமுகை வழியாகப் பவானிசாகருக்கு இறங்கி வயலுக்குப் போகிறது. இந்தியாவில் இவ்வளவு உழைக்கிற தண்ணீர் குறைவு. நாம் அதன் மேல் மிதந்துகொண்டு, "எவ்வளவு அமைதியா இருக்குல்ல" என்கிறோம்.

குந்தா மின்திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியோடு 1950களில் தொடங்கியது. அதன் அடுத்தடுத்த கட்டங்களில் ஒன்றாக 1960களில் வந்ததுதான் பில்லூர். இதையெல்லாம் பரிசலில் சொன்னால் போரடிக்குமா? சொல்கிற விதத்தைப் பொறுத்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து, காலனிகள் விடுதலையாகி, பணக்கார நாடுகள் ஆசியாவுக்கு அணை கட்டக் காசு கொடுத்த கதையின் ஒரு துளி இந்தக் காட்டுக்குள் தேங்கி நிற்கிறது. எனக்கு யானை தண்ணீர் குடிக்க இறங்குகிற காட்சி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இதுவும். அந்த யானை குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான்.

ஆற்றுப் பயணத்தை எழுத்தாக்கியவர்களில் இருவரை இங்கே கூப்பிட வேண்டும். ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் எழுதிய 'படகில் மூவர்' இன்றும் படித்துச் சிரிக்கிற நூல். ஆனால் அவர் முதலில் எழுத நினைத்தது தேம்ஸ் நதிக்கரை ஊர்களின் வரலாற்றைச் சொல்லும் ஒரு பொறுப்பான வழிகாட்டி நூலை. நடுவில் நகைச்சுவை உள்ளே வந்து, வந்ததும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. வரலாற்றுப் பகுதிகள் அங்கங்கே திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கின்றன. அன்னாசிப்பழ டப்பாவைத் திறக்க முடியாமல் மூன்று பேரும் படும் பாட்டைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அரசர்கள் எந்தக் கரையில் எப்போது வந்து இறங்கினார்கள் என்கிற பக்கங்களை யாருக்காவது ஞாபகமிருக்கிறதா? எனக்கு இல்லை. படகில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு வரலாறு பாடமாக வந்தால் செல்லாது. அது கையில் மாட்டுகிற பொருளாக வர வேண்டும். கயிறாக, டப்பாவாக, காலை நனைக்கிற தண்ணீராக. ஆகவே 'பவானி ஆற்றின் வரலாறு' என்று பத்து நிமிஷம் மனப்பாடமாக ஒப்பிக்கும் வழிகாட்டியை நான் கேட்கவில்லை. அது இப்போதிருப்பதைவிட மோசமாகப் போகும்.

இன்னொருவர் மார்க் ட்வைன். மிசிசிப்பியில் நீராவிக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை 1883இல் வந்த நூலில் எழுதுகிறார். பயணிக்கு ஆற்றின் மேல் விழும் அந்திவெயில் அழகு. கப்பலோட்டிக்கோ அந்தச் சுழிப்பு அடியில் மணல்திட்டு, அந்தக் கோடு மூழ்கிய மரம், அந்த நிறம் நாளைக்குக் காற்று. ஆற்றை ஒரு புத்தகம் மாதிரி வாசிக்கக் கற்றதும் தனக்கு அந்த அழகு போய்விட்டது என்று வருத்தப்படுகிறார் ட்வைன். புகழ்பெற்ற பகுதி. எத்தனையோ பேர் அதை அறிவா அழகா என்ற பட்டிமன்றத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. ட்வைன் வெளியிலிருந்து வந்து கற்றவர். ஆற்றோடு பிறந்தவருக்கு அழகு முதலில், அறிவு பிறகு என்கிற வரிசை கிடையாது. பரளிக்காட்டில் எங்களுக்குப் பரிசல் போட்டவர் இருளர். ஐம்பது வயதிருக்கும். பயணிகள் கேட்கிற கேள்விகள் அவருக்குக் கேட்பதற்கு முன்னாலேயே தெரியும். "முதலை இருக்குங்களா?" "எவ்வளவு ஆழம்?" "புலி பாத்திருக்கீங்களா?" பதிலும் தயாராக இருந்தது. நறுக்கென்று, கொஞ்சம் சிரிப்புக் காட்டி, எல்லோருக்கும் ஒரே மாதிரி. பரிசல் திரும்புகையில்தான் குரல் மாறியது. எதிர்க்கரையைப் பார்த்து, யாரிடமும் சொல்லாத மாதிரி, "ஏழெட்டு நாளா அந்தப் பக்கந்தான் எறங்குது, குட்டியோட" என்றார். யானையைச் சொல்கிறார். எப்படித் தெரியும் என்றேன். கரையில் நாணல் சாய்ந்திருந்த விதத்தைக் காட்டினார். எனக்கு நாணல் தெரிந்தது, சாய்வு தெரியவில்லை. "தண்ணி ரண்டடி வத்தியிருக்கு, அதனால அதுக்கும் தோது" என்றார். அவர் குரலில் அழகைத் தொலைத்தவரின் வருத்தம் எதுவும் இல்லை. சந்தோஷந்தான் இருந்தது.

"அண்ணா, இதெல்லாம் வர்றவங்ககிட்டச் சொல்றதில்லீங்களா?"

"கேட்டாச் சொல்லுவோங்க. கேக்கோணுமில்ல?"

நான் மேலே சொன்ன 'வாசகரின் குறை' இதுதான். அவரிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று பயணிக்காகத் தயாரித்தது. இன்னொன்று அவருடையது. முதலாவதை வாங்கிக்கொண்டு நாம் கிளம்பிவிடுகிறோம். ஓட்டுநர் என்றும் 'டிரைபல் அண்ணா' என்றும் காணொளிகளில் அவர் வருகிறார். அந்தத் தண்ணீரைப் பற்றி நமக்குத் தெரியாததை எழுதிவைக்கத் தகுந்த ஆசிரியர் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இதே மலைத்தொடரின் வடபுறத்தில் நடந்ததை ச. பாலமுருகன் 2004இல் 'சோளகர் தொட்டி'யாக எழுதினார். அதைப் படித்தவர்களுக்குப் பழங்குடிக் கிராமம் என்பது களி உருண்டையும் சிரித்த முகமும் மட்டுமல்ல என்று தெரியும். காட்டுக்குள் அரசு நுழையும்போது அங்கிருப்பவர்கள் உடம்பில் என்ன நடக்கும் என்பதை அவ்வளவு நேராகச் சொன்ன வேறு நாவல் நம்மிடம் இல்லை. அந்த நாவலும் இந்தச் சுற்றுலாவும் ஒரே வரைபடத்தில் இருக்கின்றன. ஒன்றைப் படித்தவர் இன்னொன்றுக்குப் போகலாம், போக வேண்டும். ஆனால் போகும்போது அந்த நாவலைக் காரிலேயே வைத்துவிட்டுப் போகிறோம் என்பதுதான் என் புகார்.

பரிசல் என்கிற பொருளையே கொஞ்சம் பார்க்கலாம். மூங்கில் பத்தைகளைக் கூடைபோல முடைந்து, அந்தக் காலத்தில் தோல் போர்த்தி, இப்போது பிளாஸ்டிக் விரிப்போ தாரோ பூசி ஓட்டுவது. ஒகேனக்கலில் பார்த்திருப்பீர்கள். வட்டமானது. அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. துடுப்புப் போடாவிட்டால் சுற்ற ஆரம்பித்துவிடும். கப்பலுக்கும் தோணிக்கும் ஒரு மூக்கு உண்டு, அது எங்கே போகிறதென்று காட்டும். பரிசலில் அது கிடையாது. உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டும், சுற்றுகிறபோது எல்லாத் திசையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டும் போக வேண்டும். ஒரு நதியைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வாகனம் எனக்குத் தெரியவில்லை. இயற்கையை ஒரு பக்கம், வரலாற்றை இன்னொரு பக்கம் வைக்கிற சுற்றுலாத் துண்டறிக்கைகளின் பிரிவினை பரிசலுக்குள் செல்லாது. ஒரு சுற்றுச் சுற்றினால் காடு, அணை, மின்கம்பி, யானைத் தடம், நாம் எல்லாமே வந்துவிடும்.

தமிழ் எழுத்தோ பெரும்பாலும் நதியைப் படித்துறையிலிருந்து பார்த்திருக்கிறது. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய், வாழி, காவேரி!' 1971இல் வந்தது. தலைக்காவிரியிலிருந்து கடல் வரை ஒரு நதியைப் பின்தொடர்ந்த நூல், தமிழில் இந்த வகைக்கு இன்றும் அதுதான் முன்னோடி. தலைப்பில் நடை இருந்தாலும் பயணம் காரில். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் அவ்வளவு தூரத்தை வேறு எப்படிப் பார்ப்பது? நான் கவனிப்பது வேறொன்றை. ஜானகிராமன் தஞ்சாவூர்க்காரர். கர்நாடகப் பகுதியில் அவர்கள் பயணிகள். டெல்டாவுக்குள் நுழைந்ததும் அவர் வீடு திரும்புகிறவர். நடுவில் கொங்குப் பகுதி அவர்கள் கடந்துபோகிற இடம். ஒரு நூலாக அது தப்பேயில்லை, யாரும் எல்லா ஊர்க்காரராகவும் இருக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு தமிழில் 'நதி' என்ற சொல்லுக்கே டெல்டா மணம் வந்துவிட்டது. நதி என்றால் படித்துறை, வாழைத்தோப்பு, வெற்றிலை, பெண்கள் குளிக்கிற காலை. எங்கள் ஊர்ப் பையன் கவிதை எழுத உட்கார்ந்தாலும் இந்தச் சாமான்கள்தான் வருகின்றன. அவன் பிறந்து வளர்ந்த இடத்தில் படித்துறையே கிடையாது.

கொங்கில் நதிக்குப் பதில் கிணறு. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்ததிலிருந்து பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' வரை வாசித்துப் பாருங்கள். மேட்டாங்காடு, கிணறு, ஆடு, மண்ணின் பங்கு. தண்ணீர் இங்கே கிடையாகப் பாய்கிற பொருள் அல்ல, செங்குத்தாக மேலே இழுக்கிற பொருள். கவலை ஓட்டி இழுத்தார்கள், பிறகு மோட்டார் போட்டு இழுத்தார்கள், இப்போது ஆயிரம் அடிக்குக் குழாய் இறக்கி இழுக்கிறார்கள். எங்கள் ஊரில் ஆறு இல்லை. பி.ஏ.பி. வாய்க்கால் உண்டு, அதில் முறை வைத்துத் தண்ணீர் வரும். அதனால்தான் எங்களுக்கு ஆறு என்பது கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிற சாமான் ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். பரளிக்காட்டுக் காணொளிகளில் இருக்கிற அந்தக் குழந்தைத்தனமான குதூகலத்துக்குப் பின்னால் இரண்டு தலைமுறை வறட்சி இருக்கிறது. அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன்.

ஆறு இல்லை என்றேன். வட்ட எல்லையில் ஒன்று இருந்தது, இருக்கிறது. நொய்யல். திருப்பூரே ஒருகாலத்தில் பல்லடம் தாலுகாவுக்குள் இருந்த ஊர்தான். இன்றும் பல்லடம் வட்டத்துச் சாமளாபுரத்தில் ஒரு பெரிய குளம் இருக்கிறது, நொய்யல் தண்ணீர் வந்து நிறைகிற குளம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், வெள்ளலூர், சூலூர், சாமளாபுரம், மங்கலம், திருப்பூர் என்று நூற்று எழுபது, நூற்று எண்பது கிலோமீட்டர் நடந்து கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிற ஆறு. காஞ்சிமாநதி என்று பழைய பெயர். வழியில் முப்பது சொச்சம் தடுப்பணைகளும் அவற்றிலிருந்து வாய்க்கால் பிரிந்து நிறைகிற குளங்களுமாக ஒரு கோத்த மாலை போல இருந்த அமைப்பு. அந்தக் குளங்களில் ஒன்றான உக்கடம் வாலாங்குளத்தில் இப்போது படகுச் சவாரி விடுகிறார்கள். பெடல் படகு, மோட்டார் படகு, கரையில் செல்ஃபி எடுக்க இடம். மாலையில் போனால் விளக்குகள் அழகாக இருக்கும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற குழந்தைக்குப் பதில் சொல்கிற ஒரு பலகை இருந்தால் போதும், அந்தச் சவாரி வேறு சவாரியாகிவிடும்.

நொய்யல் முழுக்க ஒரு படகுப் பயணம் விட்டால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். நடக்காது. வருஷத்தில் பாதி நாள் படகு தரை தட்டும், மீதி நாள் ஆகாயத்தாமரையில் சிக்கும். ஆனால் ஒரு கற்பனைக் கட்டுரையாக அதை ஓட்டிப் பார்க்கலாமில்லையா. பேரூர்ப் படித்துறையில் ஏறலாம், ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பாதிக் கோவை அங்கேதான் நிற்கும். வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையிலிருந்து கரூருக்குப் போன பெருவழியின் பாதை இந்த ஆற்றையொட்டித்தான். அங்கிருந்து சாமளாபுரம். அப்புறம் திருப்பூர்.

திருப்பூரில் நம் வழிகாட்டி என்ன சொல்வார்? சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998இல் வந்தது. நகரத்தையே ஒரு சாயத்தொட்டியாகப் பார்த்த முதல் நாவல். அந்தத் துணிச்சலுக்காக அதை எப்போதும் மதிப்பேன். ஆனால் அது சாயத்தைப் பற்றிய நாவல். நதியைப் பற்றிய நாவல் என்று சொல்ல மாட்டேன். சாயம் வருவதற்கு முன்னால் அந்த ஆறு எங்கே இருந்தது, எங்கே போய்ச் சேர்கிறது என்பது அதன் அக்கறை இல்லை. கீழே போனால் ஒரத்துப்பாளையம். 1992இல் கட்டி முடிக்கப்பட்ட பாசன அணை. சில வருஷங்களிலேயே அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. அணையில் தண்ணீர் தேக்காதே, திறந்துவிடாதே, இரண்டுமே வேண்டாம் என்று விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போன அணை உலகத்தில் எத்தனை இருக்கும்? 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள். ஒரு துளிக் கழிவுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்றானது. அந்த மாதங்களில் திருப்பூரிலிருந்து எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டின என்பதையும் எங்கள் பக்கத்துப் பேருந்து நிலையங்களில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆறா சோறா என்று அன்றைக்குக் கேட்டார்கள். கேள்வியே கோணல். அந்த ஆற்றை நம்பிச் சோறு தின்ற விவசாயிகளும் அதே ஆற்றின் கீழ்க்கரையில்தான் இருந்தார்கள்.

ஒரத்துப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள், கசடு, அரிய கல்மணிகளைச் சாணை பிடித்துத் துளையிட்ட பட்டறைகளின் தடயம், நூல் நூற்கும் தக்களிகள், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள். காங்கேயம் பக்கம் படியூரில் எடுத்த பச்சைக்கல்லுக்கு ரோம் வரை சந்தை இருந்தது. சுற்றுலா வழிகாட்டிகளும் மேடைப் பேச்சாளர்களும் இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள்: அன்றைக்கு எப்படி இருந்தது பார், இன்றைக்கு எப்படி ஆக்கிவிட்டோம் பார். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. கொடுமணலில் நான் பார்ப்பது ஒரு தொழிற்பேட்டையை. ஏற்றுமதிக்காகவே வேலை செய்த ஊர், வெளிநாட்டு ஆர்டருக்குக் கல் அறுத்த ஊர். அது திருப்பூரின் எதிர்ப்பதமாக எனக்குத் தெரியவில்லை, திருப்பூரின் மூத்த அக்காவாகத் தெரிகிறது. நொய்யல் ஒருபோதும் கோயில் நதியாக மட்டும் இருந்ததில்லை, எப்போதும் உழைப்பு நதி. பொற்காலம், பாழ்காலம் என்று இரண்டாகக் கிழிக்கிற கதையைவிட, இரண்டாயிரம் வருஷமாகப் பட்டறை வைத்துக்கொண்டிருக்கிற ஓர் ஆறு எந்த இடத்தில் தாங்க மாட்டாமல் போனது என்கிற கதை கஷ்டமானது. சொல்ல வேண்டியது அதைத்தான். ஒரே மணி நேரப் படகில் அணையையும் அகழாய்வுக் குழியையும் காட்ட முடிகிற இடம் அது. அங்கே பலகை வைக்கிறவர்கள் இரண்டையும் இரண்டு துறைகளின் சமாச்சாரமாகத்தான் வைப்பார்கள்.

திரும்பவும் அத்திக்கடவுக்கு வருகிறேன், அந்தப் பெயருக்காக. கடவு என்றால் ஆற்றைக் கடக்கிற இடம். பாலம் இல்லாத காலத்தில் பரிசலும் ஆளும் இறங்கிக் கடந்த துறைகளின் ஞாபகம் கொங்கு ஊர்ப்பெயர்களில் இன்னமும் கிடக்கிறது. இந்த ஒரு கடவின் பெயர் மட்டும் அரசியலில் ஏறிக்கொண்டது. அத்திக்கடவு-அவினாசித் திட்டம் என்று அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டார்கள். எத்தனை தேர்தல், எத்தனை உண்ணாவிரதம், எத்தனை சுவர் விளம்பரம். 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள். ஆனால் தண்ணீர் அத்திக்கடவிலிருந்து வரவில்லை. கீழே பவானி நகரத்துக்குப் பக்கத்தில், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ்ப்புறத்திலிருந்து உபரிநீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டில் ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். கடவு இருக்கிற இடத்திலேயே இருக்க, அதன் பெயர் மட்டும் குழாயேறி அவினாசிக்கு வந்துவிட்டது. இதை ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. மேலிருந்து தானாக இறங்கி வரும் என்று கனவு கண்ட தண்ணீரைக் கீழிருந்து மின்சாரம் கொடுத்து ஏற்றுகிறோம் என்பது கொங்கின் பழைய குணந்தான், கிணற்றுக் குணம். அதே வாரத்தில், மூன்று நாள் முன்னால், திருப்பூர் ஓரத்து நஞ்சராயன் குளம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பின்னலாடை நகரத்தின் விளிம்பில் பறவை வந்து இறங்குகிற ஒரு நீர்நிலைக்கு உலக அங்கீகாரம். இரண்டு செய்தியும் வெவ்வேறு பக்கங்களில் வந்தன.

காலிங்கராயனைச் சொன்னதால் ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானியிலிருந்து வாய்க்கால் வெட்டி நொய்யல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். இரண்டு நதிகளையும் ஏழு நூற்றாண்டுக்கு முன்னாலேயே ஒருவர் சேர்த்துவைத்திருக்கிறார் என்பதால், பரளிக்காட்டுத் தண்ணீரில் மிதக்கிறவருக்கு நொய்யல் தூரத்துச் சொந்தமும் இல்லை. பரளிக்காட்டுக் கரையில் ஒரு மரத்தடியில் வரைபடம் ஒன்று மாட்டலாம். அவலாஞ்சியிலிருந்து ஆரம்பித்து ஒரத்துப்பாளையம் வரை. அதில் உங்கள் வீட்டுக் குழாயை நீங்களே தேடிக் கண்டுபிடிக்கலாம். குழந்தைகளுக்கு ஊஞ்சலைவிட அதுதான் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். பரிசல் போடுகிறவரின் இரண்டாவது பிரதிக்கு, அந்த நாணல் சாய்வுப் பிரதிக்கு, அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி அதற்குத் தனியாகக் காசும் கொடுக்கலாம். எழுதுகிற பிள்ளைகள் யாராவது இரண்டு மழைக்காலம் அங்கே போய் உட்கார்ந்து அதைக் கேட்டு எழுதினால் தமிழில் இதுவரை இல்லாத ஒரு நதி நூல் கிடைக்கும். ஆசிரியர் பெயர் இடத்தில் இரண்டு பெயர் போட வேண்டியிருக்கும், சிட்டி, ஜானகிராமன் மாதிரி.

பவானியில் கீழே இன்னொரு பயணம் இருக்கிறது, அதற்கு யாரும் பதிவு எண் கொடுப்பதில்லை. 1955இல் பவானிசாகர் அணை வந்தபோது டணாயக்கன் கோட்டையும் அதற்குள்ளிருந்த மாதவராயப் பெருமாள் கோயிலும் தண்ணீருக்குள் போயின. 105 அடி அணை. நிறைந்திருக்கும் வருஷங்களில் கோயிலுக்கு மேலே மீன்பிடிப் பரிசல்கள் போகும், கீழே ஒரு ஊர் இருக்கிறதென்று தெரியாது. பாதிக்கும் கீழே வற்றினால் கோபுரத்துச் செங்கல் முதலில் தெரியும், பிறகு மண்டபத் தூண்கள், பிறகு சேறு வெடித்த தரை. செய்தித்தாளில் படம் வரும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சேற்றில் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த வருஷம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துக்குத் தண்ணீர் கஷ்டம். அப்படிப் பார்க்கப் போனவர்களில் விவசாயிகளும் உண்டு. தூண்களை நின்று பார்த்துவிட்டு, கரையேறினதும் மட்டம் எத்தனை அடி என்று விசாரித்துக்கொண்டு போவார்கள்.